வெள்ளிக்கிழமைகளில் கறுத்துப்போகும் வரவேற்பறை

மண்ணூர்பேட்டை,
புதன்கிழமை.

பெங்களூரில் குடியிருக்கும் பெரியம்மா மகள், அன்பிலும் அறிவிலும் எனக்கு மூத்த அருள்மொழி அக்காவுக்கு, தங்கை யுவராணி வணங்கி எழுதுவது.

இங்கே நானும் அம்மாவும் தவணையில் வாங்கிய மிக்சியும் நலம். அங்கே நீயும் மாமாவும் உன் மேஜைமேல் வரிசையாக நிற்கும் மூன்று கம்ப்யூட்டர் திரைகளும் நலமாக இருக்கப் பொன்னியம்மனை வேண்டிக்கொள்கிறேன். அம்மன் இந்தக் கடிதத்தில் நிறைய இடங்களில் வரப்போகிறாள், அதனால் முதலிலேயே கும்பிட்டுவிடுவது நல்லது.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். எனக்குப் போனில் பேச்சு வராது என்பது உனக்குத் தெரியும். போன வாரம் தைரியமாக ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். "ஏன்டி, ஃபேன் சத்தம் மட்டும்தான் கேக்குது" என்று பதில் போட்டாய். கடையில் ஃபேன் கிடையாது அக்கா. அது என் மூச்சு. போனில் இரண்டு வரிக்கு மேல் தட்டவும் வராது. சரி, கடைக் கம்ப்யூட்டரில் தட்டி அனுப்பலாம் என்றால், அதற்கு உன் புரோகிராமைக் கீழே இறக்கிவைக்க வேண்டும். இறக்கினால் என்ன ஆகிறது என்பதுதான் இந்தக் கடிதமே. அதனால் டைல்ஸ் பெட்டிக்குள் வரும் பழுப்புத் தாளில் எழுதுகிறேன். முடித்ததும் ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்து அனுப்புவேன். உனக்குத் தெரிந்ததும் நடுநடுவே வரும். முதலிலிருந்து சொன்னால்தான் எனக்குக் கோர்வையாக வரும், பொறுத்துக்கொள்.

பத்தாவதோடு படிப்பை நிறுத்தியதும் அம்பத்தூரில் ஒரு துணிக்கடையில் சேர்ந்தேனே, அங்கே எனக்கு வாசலில் நின்று "வாங்கக்கா, உள்ள வந்து பாருங்கக்கா" என்று கூப்பிடும் வேலை. நான் மனசுக்குள் கூப்பிட்டுக்கொண்டே நின்றேன். ஓர் அம்மா என்னிடம் வந்து, துப்பட்டாவைத் தடவிப் பார்த்து, விலைச் சீட்டைத் தேடி, கிடைக்காமல் உள்ளே போய், "வாசல்ல பொம்மை மேல கீற சுடிதார் எவ்ளோப்பா?" என்று கேட்டுவிட்டார். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. பொம்மை திடீரென்று பேசினால் அவர் பயந்துவிடுவாரே என்று இருந்தது. மறுநாளே என்னை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அதற்கப்புறம்தான் நீ, பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் குணசேகரன் முதலாளியின் டைல்ஸ் கடைக்கு அந்தப் புரோகிராமை எழுதிக் கொடுத்தாய். "இதை ஓட்ட ஒரு ஆள் வேணும் சார், என் தங்கச்சி இருக்கா, பேச மாட்டா, ஆனா மௌஸ் நல்லாப் பிடிப்பா" என்று சொல்லி என்னை அங்கே உட்காரவும் வைத்தாய். அந்த உபகாரத்தை நான் மறக்கவில்லை. வீடு கட்டுகிறவர்கள் வருவார்கள், ஹால் எத்தனை அடி என்று சொல்வார்கள், நான் தட்டினால் சுவரில் இருக்கிற பெரிய டிவியில் அவர்கள் வீட்டு வரவேற்பறை எழுந்து நிற்கும். சோபா, ஜன்னல், ஜன்னல் வழியாக வெயில். எந்த டைல்ஸைத் தட்டுகிறேனோ அது தரையில் போய்ப் படுத்துக்கொள்ளும். அவர்கள் "அட!" என்பார்கள். நான் ஒன்றும் சொல்ல வேண்டாம். எனக்காக அந்தத் தரை பேசிவிடும். உலகத்தில் எனக்கென்றே செய்த வேலை இது என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மாவும் மண்ணூர்பேட்டையில் பார்க்கிறவர்களிடமெல்லாம் "என் பொண்ணு கம்ப்யூட்டர்ல ஊடு கட்டுறா" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

இப்போது வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். டைல்ஸ் கடையில் சுவர் முழுக்க டைல்ஸ் ஒட்டியிருக்கும் இல்லையா, ஆணி அடிக்க இடம் கிடையாது. முதலாளி தன் குலதெய்வமான பொன்னியம்மன் படத்தைப் பசை நாடாவால் ஒட்டி வைத்திருந்தார். அது ஒருநாள் கழன்று சேல்ஸ்மேன் அசோக் அண்ணன் தலையில் விழுந்துவிட்டது. அண்ணனுக்கு ஒன்றும் ஆகவில்லை, கண்ணாடி உடைந்துவிட்டது. "இனிமே அம்மா கீழ விழக்கூடாது" என்று முதலாளி முடிவெடுத்து, அம்மன் படத்தைக் கம்ப்யூட்டரின் முகப்புப் படமாகவே வைக்கச் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் விளக்கு வைத்ததும், கடையில் இருக்கிற எல்லோரும் டிவிக்கு முன்னால் நிற்க வேண்டும். முதலாளி இடது கையில் ஆரத்தித் தட்டை வைத்துக்கொண்டு, வலது கையால் என் மௌஸைப் பிடித்து, திரையின் மேல் மூலையில் இருக்கும், மினிமைஸ் செய்கிற சின்னக் கோட்டைத் தட்டுவார். உன் வரவேற்பறை கீழே இறங்கிவிடும், அம்மன் பெரிய டிவி முழுக்கத் தெரிவாள். ஆரத்தி காட்டி, கண்ணில் ஒற்றிக்கொண்டு, வரவேற்பறையைத் திரும்ப மேலே ஏற்றுவார். இதை அவர் கையால்தான் செய்வார், என்னைச் செய்ய விடமாட்டார்.

முதல் வெள்ளிக்கிழமை ஏற்றினார். சோபா இல்லை, ஜன்னல் இல்லை, வெயில் இல்லை. டிவி முழுக்கத் தார் ஊற்றியது மாதிரி கறுப்பு. "கற்பூரப் பொகை உள்ள பூந்துகீது சார்" என்றார் அசோக் அண்ணன். நான் புரோகிராமை மூடித் திரும்பத் திறந்தேன், வந்துவிட்டது. எல்லா டைல்ஸ் படமும் ஏறுவதற்குள் கடையில் இருந்த இரண்டு குடும்பம் டீ குடித்துவிட்டு வருகிறோம் என்று போனது, இன்னும் டீ குடித்துக்கொண்டிருக்கிறது. அடுத்த வெள்ளிக்கிழமை தட்டைத் தூரமாக வைத்துக் காட்டினார். கறுப்பு. அதற்கடுத்த வெள்ளிக்கிழமை வாசலுக்கு வெளியே நின்று ரோட்டிலிருந்து ஆரத்தி காட்டினார், பூந்தமல்லிக்குத் திரும்பிய பஸ் ஒன்று அவருக்காக நின்று, டிரைவரும் கும்பிட்டுவிட்டுப் போனார். உள்ளே வந்து ஏற்றினால் கறுப்பு. அதோடு முதலாளி முகமும் கறுத்துவிட்டது.

"தெனம் தெனம் நல்லாத்தான் ஓடுது. அம்மாளைப் பாத்ததும் கறுத்துப்பூடுது. அப்போ இன்னா அர்த்தம்?" என்று அசோக் அண்ணனைக் கேட்டார்.

"அம்மாளுக்குப் புடிக்கலைன்னு அர்த்தம் சார்."

"புடிக்கலைன்னா?"

"ஊடே இல்லாத எடத்துல ஊடு காட்டறோமே சார். பொய் இல்லியா அது?"

நான் அன்றைக்கே உனக்கு எழுதினேன், ஞாபகம் இருக்கிறதா? "அக்கா, உன் புரோகிராம் வெள்ளிக்கிழமை மட்டும் கறுத்துப்போகிறது" என்று. நீ விழுந்து விழுந்து சிரிக்கும் பொம்மையை வரிசையாக அனுப்பிவிட்டு, "கம்ப்யூட்டருக்கு வெள்ளி ஏது, செவ்வாய் ஏது? என் சிஸ்டத்துல எல்லா நாளும் நல்லா வருதே" என்று சொன்னாய். நானும் நம்பினேன். நம்பின நாலாம் நாள் செவ்வாய்க்கிழமை வந்தது.

எங்கள் கடையில் பில் போடுகிறவர் ராஜசேகரன் சார். ஆவடித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். அவருக்கென்று தனிக் கம்ப்யூட்டர் உண்டு. அன்றைக்கு அது ரிப்பேருக்குப் போயிருந்தது. திருமுல்லைவாயிலில் வீடு கட்டும் முத்தம்மாள் என்கிற அம்மா காலையிலிருந்து என் எதிரில் உட்கார்ந்து, தன் ஹாலில் ஒவ்வொரு டைல்ஸாகப் போட்டுப் பார்த்து, சந்தன நிறத்தில் நரம்பு ஓடுகிற ஒன்றைப் பிடித்துவிட்டார். "இதான், இதான்! மாத்தாத! பில்லு போடு" என்றார். ராஜசேகரன் சார் என் நாற்காலிக்கு வந்தார், அந்தச் சின்னக் கோட்டைத் தட்டினார், வரவேற்பறை இறங்கியது, பில் புரோகிராமைத் திறந்தார். அக்கா, அது பெரிய டிவியிலும் தெரியும் என்பதை நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. பழைய பில்லெல்லாம் சுவர் அளவுக்கு வந்து நின்றது. அதில் மேலேயே 'பத்மா, திருமுல்லைவாயில்', பக்கத்தில் அதே சந்தன நிற டைல்ஸ்.

முத்தம்மாள் எழுந்து நின்றுவிட்டார். "யாரு, என் ஓரகத்தி பத்மாவா? அவ எப்போ வந்தா இங்க?"

"வந்து வாங்கிட்டுப் போயி ரொம்ப நாளாச்சும்மா" என்றார் ராஜசேகரன் சார், விஷயம் புரியாமல்.

"அடிப்பாவி! எனக்கு முன்னாடியே வந்து புட்சிகினு பூட்டாளா? பக்கத்துப் பக்கத்து ஊடு சாமி! நானும் இதே தரையைப் போட்டா ஊரு இன்னா சொல்லும்? அவளப் பாத்து நான் போட்டேன்னு சொல்லும். எனக்கு இது வேணாம், வேற காட்டு."

வேறு காட்டுவதற்காக ராஜசேகரன் சார் வரவேற்பறையை மேலே ஏற்றினார். கறுப்பு. "ஏ பிள்ள, இது என்னத்துக்கு இருட்டிக் கெடக்கு?" என்று என்னைக் கேட்டார். முத்தம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "பாத்தியா, நான் வேணாம்னு சொன்னதும் அதுவே கறுத்துப்பூச்சு" என்று சொல்லிவிட்டு, இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்பிவிட்டார். எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம் அக்கா. வெள்ளிக்கிழமை இல்லை, ஆரத்தி இல்லை, கற்பூரம் இல்லை, ஆனாலும் கறுப்பு. அப்படியென்றால் அம்மனுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, அந்தச் சின்னக் கோடுதான் காரணம் என்று எனக்குப் பட்டது. முதலாளிக்கும் அப்படியே படும் என்று நினைத்தேன். அவர் காலண்டரைப் பார்த்தார். "இன்னிக்கு இன்னா கெழம? செவ்வாய்! செவ்வாய் யாருக்கு உகந்த நாளு?" என்றார். "அம்மாளுக்குதான் சார்" என்றார் அசோக் அண்ணன்.

அவ்வளவுதான், தீர்ப்பு ஆகிவிட்டது. "வர வெள்ளிக்கிழம ஒரு தபா பாப்போம். அன்னிக்கும் கறுத்துச்சுன்னா அம்மா வேணாங்கிறான்னு அர்த்தம். இந்தப் புரோகிராமை எடுத்துட்டு, பழையபடி ஆல்பம் காட்டிக்கலாம்" என்றார். அசோக் அண்ணன், பாவம், எனக்கு நல்லது செய்வதாக நினைத்து, "அப்போ இந்தப் பொண்ணு இன்னா பண்ணும் சார்?" என்று கேட்டார். முதலாளியும் நல்லவர்தான், கொஞ்சம் யோசித்து, "வேலைய உட்டு எதுக்கு அனுப்பணும்? வாசல்ல நின்னு ரோட்ல போறவங்களக் கூப்பிடட்டும்" என்றார்.

டிரங்க் ரோடு அக்கா! லாரி, பஸ், மெட்ரோ வேலை, எல்லாச் சத்தத்துக்கும் மேலே கூப்பிட வேண்டும். துணிக்கடை வாசலிலாவது ஏசிக் காற்று கொஞ்சம் வரும், பொம்மை மாதிரி நிற்கலாம். இங்கே நின்றால் என்மேல் ஒரு டைல்ஸை ஒட்டிவிட்டுப் போனாலும் போவார்கள்.

அன்றைக்கே உனக்கு எழுதி, நீ கேட்டபடி எல்லாம் செய்தேன் என்பது உனக்குத் தெரியும். ஆனால் அதை எப்படிச் செய்தேன் என்பது உனக்குத் தெரியாது. "புரோகிராம் ஜன்னலைப் பாதியா சின்னதாக்கு" என்றாய். ஆக்கினேன், நன்றாக இருந்தது. "வேற ஜன்னலால மூடிப் பார்" என்றாய். மூடினேன், நன்றாக இருந்தது. "இப்போ முழுசா கீழ இறக்கி ஏத்து" என்றாய். கறுப்பு. "திரும்பத் திற, திரும்ப இறக்கு" என்றாய். இதையெல்லாம் எதிரில் ஒரு மேஸ்திரி உட்கார்ந்து பெரிய டிவியில் பார்த்துக்கொண்டிருந்தார். வீடு பாதியாகிறது, மறைகிறது, கறுக்கிறது, திரும்பவும் எழுந்து நிற்கிறது. கடைசியில் அவர் எழுந்து, "பாப்பா, நான் கட்டுற ஊடு இடிஞ்சி விழாதும்மா, தெகிரியமா டைல்ஸைக் காட்டு" என்றார். சிரித்தேன். அது சிரிப்பு மாதிரி இருந்ததா என்று தெரியவில்லை, அவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அப்புறம் நீ அனுப்பிய விளக்கத்தைப் பலமுறை கேட்டு மனப்பாடமே ஆகிவிட்டது. "தப்பு என்னுதுதான்டி. எங்கிட்ட மூணு திரை இருக்கறதால நான் எதையும் கீழ இறக்கினதே இல்ல. கீழ இறக்கினா ஜன்னலோட அகலமும் பூஜ்யம், உயரமும் பூஜ்யம். என் புரோகிராம் அது தெரியாம, பூஜ்யம் அடிக்குப் பூஜ்யம் அடி ஹால் கட்டுன்னு, படம் வரையற கிராபிக்ஸ் கார்டை நச்சரிக்குது. கார்டு முடியாதுன்னு சொல்லிட்டு, கையில வெச்சிருந்த டைல்ஸ் படத்தையெல்லாம் கீழ போட்டுடுது. திரும்ப மேல வந்தா ஹால் இருக்கு, போட்டுக்கப் படம் இல்ல. அதான் கறுப்பு" என்றாய். பூஜ்யத்துக்குப் பூஜ்யம் ஹாலில் எத்தனை பெட்டி டைல்ஸ் போகும் என்று அசோக் அண்ணனைக் கேட்டால்கூட, சேதாரத்துக்கு ஒரு பெட்டி எக்ஸ்ட்ரா வாங்கிக்கோ என்பார். சரிசெய்யும் வழியையும் சொன்னாய். கீழே இறங்கினால் வரைவதை நிறுத்திவிட்டுச் சும்மா கிடக்க வேண்டும். மேலே வந்ததும் கார்டிடம் தயாரா என்று கேட்க வேண்டும், இல்லையென்றால் காத்திருக்க வேண்டும். தயார் என்றால் தன்னிடம் இருக்கும் பழையதையெல்லாம் முதலில் விட்டுவிட வேண்டும், அப்புறம்தான் ரீசெட் கேட்க வேண்டும், அதற்கும் அப்புறம் எல்லாவற்றையும் புதிதாக ஏற்றிக்கொள்ள வேண்டும். பழசை விடாமல் கேட்டால் கார்டு தராதாம். எனக்கு உடனே புரிந்துவிட்டது அக்கா. எங்கள் கடைக்குக் கம்பெனியிலிருந்து டைல்ஸ் சாம்பிள் அடுக்கும் புது ஸ்டாண்டு கொண்டுவருகிறவரும் அப்படித்தான், பழைய ஸ்டாண்டிலிருந்து சாம்பிள் எல்லாவற்றையும் இறக்கி வைத்தால்தான் புதியதை வண்டியிலிருந்தே இறக்குவார்.

"வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள்ள சரிபண்ணி அனுப்பிடறேன். அதுக்குள்ள முதலாளிகிட்ட நீ விளக்கிச் சொல்லிடு" என்று சுலபமாகச் சொல்லிவிட்டாய். நான் சொல்லப் போனேன். இன்று காலை அவர் மேஜைக்கு முன்னால் போய் நின்றேன். மனசுக்குள் பூஜ்யம், கார்டு, ஸ்டாண்டு எல்லாம் வரிசையாக நின்றன. "சார்…" என்றேன். அதுவே நிறைய. அவர் தலையை நிமிர்த்தி, என் முகத்தைப் பார்த்து, "இன்னாமா, லீவா? ஒடம்பு சரியில்லியா? வெள்ளிக்கிழம எடுத்துக்கோ போ" என்றார். நான் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். கேட்காத லீவு கிடைத்துவிட்டது. சரி, அசோக் அண்ணனை விட்டுச் சொல்லச் சொல்லலாம் என்று அவரிடம் மெதுவாக எடுத்துச் சொன்னேன். அவர் எல்லாவற்றுக்கும் "ஆங், ஆங்" என்று கேட்டுக்கொண்டு நேராகப் போய், "சார், அம்மா வந்து நின்னா கார்டுக்குத் தாங்கலியாம், எல்லாத்தையும் கீழ போட்டுடுதாம்" என்றார். "அம்மாளைத் தாங்காத கார்டு என் கடையில எதுக்கு?" என்று முதலாளி எழுந்துவிட்டார். வெள்ளிக்கிழமைவரை காத்திருக்காமல் இன்றைக்கே எடுத்துவிடுவாரோ என்று பயந்து ராஜசேகரன் சார்தான் "பொறுங்க மொதலாளி, ரெண்டு நாளுதான" என்று உட்காரவைத்தார்.

ஆகவே அக்கா, உன் காலில் விழுந்து கேட்கிறேன். வெள்ளிக்கிழமை ஒருநாள் லீவு போட்டு ரயில் ஏறி வந்துவிடு. நீ வந்து அந்த நாற்காலியில் உட்கார், நீ பேசு, நான் பின்னால் நின்று தலையாட்டுகிறேன். வர முடியாவிட்டால் முதலாளிக்குப் போன் செய்து, எனக்கு அம்மை போட்டிருக்கிறது என்று சொல்லிவிடு. அம்மை என்றால் அவர் மறுபேச்சுப் பேசமாட்டார். அப்புறம் நான் அந்தப் பக்கமே போகமாட்டேன், இந்த வேலையை விட்டுவிடுவதாக முடிவு செய்துவிட்டேன். அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் பேசவே தேவையில்லாத கம்பெனி ஏதாவது இருக்கும், இல்லையா? மெஷின் சத்தத்தில் யாருக்கும் ஒன்றும் கேட்காத மாதிரி ஒன்று. எனக்குப் பேச வராது அக்கா, இனிமேலும் வராது. இந்த விஷயத்தில் என்னிடம் யாரும் எதையும் எதிர்பார்க்க வேண்டாம்.

பெரியம்மாவுக்கும் மாமாவுக்கும் என் வணக்கத்தைச் சொல். அம்மா உனக்கு ஆசீர்வாதம் சொல்லச் சொன்னாள், கண்ணாடி போட்டுக்கொண்டு வேலை செய்யவும் சொன்னாள். உன் கை தட்டுகிற எழுத்தெல்லாம் பிழையில்லாமல் ஓட வேண்டும். உன் வீட்டில் விளக்கும் மூன்று திரைகளும் அணையாமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
பேச முடியாத தங்கை,
யுவராணி.

பின்குறிப்பு: இன்றைக்குச் சனிக்கிழமை. மேலே இருப்பதை இன்னும் உனக்கு அனுப்பவில்லை. படம் பிடிக்க மறந்து சாப்பாட்டுப் பையில் வைத்திருந்தேன், ஒரு மூலையில் ரசம் பட்டிருக்கிறது.

நீ அனுப்பிய புதியது வியாழக்கிழமை சாயங்காலமே வந்துவிட்டது. அதை எந்த இடத்தில் வைக்க வேண்டும் என்பது கடையில் எனக்கு மட்டும்தான் தெரியும். அதனால் வெள்ளிக்கிழமை லீவாக இருந்தாலும் காலையில் போய் வைத்துவிட்டு ஓடிவந்துவிடலாம் என்று போனேன். வைத்தேன். ஒருமுறை இறக்கி ஏற்றினேன், கண்ணிமைக்கும் நேரத்தில் சோபாவும் வெயிலும் திரும்பி வந்தன. பையை எடுத்துத் தோளில் மாட்டினேன். அப்போதுதான் முத்தம்மாள் அம்மா உள்ளே வந்தார்.

"ஒக்காரு பாப்பா. என் ஓரகத்தி பாக்காத டைல்ஸாப் பாத்து எல்லாத்தையும் காட்டு" என்றார்.

எனக்கு இன்றைக்கு லீவு என்று சொல்ல வேண்டும். பையைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். கடையில் இருக்கிற அத்தனை டைல்ஸையும் அவர் ஹாலில் போட்டுப் போட்டு எடுத்தேன். சாப்பாட்டுக்குப் போனார், வந்தார், திரும்பவும் முதலிலிருந்து. சாயங்காலம் முதலாளி விளக்கேற்றி, தட்டோடு வந்துவிட்டார். என்னைப் பார்த்து, "லீவு குடுத்தேனே?" என்றார். அதற்கும் தலையாட்டினேன். எல்லோரும் நின்றோம். முதலாளி சின்னக் கோட்டைத் தட்டினார். அம்மன் வந்தாள். "தாயே, ஓரகத்தி தரைக்கு மேல ஒரு தரை காட்டு" என்று முத்தம்மாள் சத்தமாகவே வேண்டிக்கொண்டார். ஆரத்தி ஆனது. முதலாளி வரவேற்பறையை மேலே ஏற்றினார்.

கறுப்பு.

"பாத்தியா! இன்னிக்கும் கறுத்துப்பூச்சு! அசோக், ஒயரை இஸ்து உடு" என்றார். அசோக் அண்ணன் ஒயர் பக்கம் போனார். எனக்குப் புரிந்துவிட்டது அக்கா. காலையில் சோதித்தபோது நான் ஏற்றியிருந்தது ஒன்றிரண்டு டைல்ஸ்தான். இப்போது முத்தம்மாள் புண்ணியத்தில் கடை முழுக்க உள்ளே இருக்கிறது. எல்லாவற்றையும் விட்டுவிட்டு, எல்லாவற்றையும் திரும்ப ஏற்ற நேரம் ஆகிறது. நடுவில் ஒயரைப் பிடுங்கினால் தீர்ந்தது.

"ஒயர்ல கை வெக்காத!"

யாரோ கத்தினார்கள். யார் என்று திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அசோக் அண்ணன் ஒயரைத் தொட்டபடியே சிலையாகிவிட்டார்.

சரி, ஒன்று வெளியே வந்துவிட்டது, பின்னால் நின்றதெல்லாமும் வரட்டும் என்று விட்டுவிட்டேன். "கறுத்துப் போகல சார், அடுக்கிகினு கீது" என்றேன். "நீங்க சாமி கும்புடும்போது கடையில யாராவது வியாபாரம் பேசுவாங்களா சார்? பேச மாட்டாங்க இல்ல? முன்னாடி அதுக்கு அந்த மரியாத தெரியாது சார். அம்மா வந்து நின்னாலும் நான் ஹால் கட்றேன், ஹால் கட்றேன்னு அடம் புடிக்கும், அதான் கொழம்பிப் பூடும். எங்க அக்கா இப்போ அதுக்குச் சொல்லிக் குடுத்துட்டாங்க. அம்மா வந்தா வேலைய நிறுத்து, சும்மா இரு. அம்மா போனதும், ஸ்டாண்டு மாத்தறவரு பண்ற மாதிரி, பழசையெல்லாம் கீழ எறக்கி வெச்சிட்டு, ஒவ்வொண்ணா திரும்ப அடுக்கு. அதான் சார் அடுக்குது. கொஞ்சம் இருங்க. இதோ பாருங்க, இப்ப சோபா வரும்."

வரவில்லை. இன்னும் பேசினேன் அக்கா. என்ன பேசினேன் என்றுகூட முழுதாக ஞாபகம் இல்லை. பூஜ்யத்துக்குப் பூஜ்யம் ஹாலைப் பற்றி முத்தம்மாளிடம் சொன்னேன், அவர் "அய்யோ, அதுல எங்க படுக்கறது?" என்று கேட்டார். அதற்கும் ஏதோ பதில் சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே சோபா வந்தது. ஜன்னல் வந்தது. வெயில் வந்தது. கடைசியாகத் தரை, கடைசியாகத் தட்டியிருந்த பச்சையும் வெள்ளையும் கலந்த டைல்ஸோடு, பளிச்சென்று வந்து படுத்தது.

முதலாளி தட்டைக் கீழே வைத்தார். "அப்போ அம்மா நிக்கறப்போ இது வேலைய உட்டுட்டு நிக்குதா?"

"ஆமா சார்."

"கும்புடுதுன்னு சொல்லு."

நீ படித்த படிப்புக்கு இது பிடிக்காது என்று தெரியும், ஆனாலும் "ஆமா சார்" என்றுதான் சொன்னேன். மன்னித்துவிடு.

"எனக்கு இதான்! அம்மா காட்டினது! பில்லு போடு!" என்றார் முத்தம்மாள். "ஏ பிள்ள, இம்புட்டுப் பேச்சையும் எங்க வச்சிருந்த?" என்றார் ராஜசேகரன் சார். "அத்த உடு சார், என்னைப் பாத்து கத்திச்சே, காது இன்னும் அடச்சிகினு கீது" என்றார் அசோக் அண்ணன். புரோகிராமும் இருக்கும், நாற்காலியும் இருக்கும் என்று முதலாளி அங்கேயே சொல்லிவிட்டார். ஒரே ஒரு நிபந்தனை. வெள்ளிக்கிழமைகளில் ஆரத்தி முடிந்து அது அடுக்கிக்கொண்டிருக்கும்போது, உள்ளே என்ன நடக்கிறது என்று நான் கூட்டத்துக்கு எடுத்துச் சொல்ல வேண்டுமாம். சரி என்று சொல்லிவிட்டேன். வாயால்.

ஆகவே, மேலே எழுதியிருப்பது எதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளாதே. நீ ரயில் ஏற வேண்டாம். எனக்கு அம்மை இல்லை. வேலையை நான் விடவில்லை, எஸ்டேட்டில் யாரிடமும் கேட்க வேண்டாம்.

இன்னும் ஒன்று. அடுத்த முறை அனுப்பும்போது, படங்கள் திரும்ப ஏறும் அந்த நேரத்தைக் கண்ணிமைக்கும் அளவுக்குக் குறைத்துவிடுவதாகப் புதியதோடு சேர்த்து எழுதியிருந்தாய். குறைக்காதே அக்கா. நான் பேசி முடிக்க அவ்வளவு நேரம் வேணும்.